கொடி பாலத்து மேல் போன வருஷம்

நாகூருக்கு நடந்து போகிறவர்கள் இனி எங்கள் ஊர் வழியாக வரமாட்டார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தது என் கூடப்பிறந்த அண்ணன். அதனால்தான் எனக்கு அவ்வளவு குழப்பம். வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் நானும் ஊரோடு சேர்ந்து கோபப்பட்டுவிட்டு, அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன்.

எங்கள் ஊர் என்று நான் சொல்வது என்னைக் கட்டிக்கொடுத்த ஊரை. சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் விழுகிற முகத்துவாரத்துக்குப் பக்கம். கால்வாய்க் கரையை ஒட்டி எங்கள் ஜனங்களின் வீடுகள் கொஞ்சம். கடல் பக்கம் மீனவர்களின் குப்பம். மேற்கே வயலைத் தாண்டினால் வயல்வேலை செய்கிறவர்களின் தெரு. என் வீட்டுக்காரர் கால்வாயில் படகு விட்டுக்கொண்டிருந்தார். சவுக்குக் கட்டையையும் உப்பையும் மெட்ராசுக்கு ஏற்றிப் போய்விட்டு, வரும்போது மளிகைச் சாமான் ஏற்றிவருவார். நான் பிறந்தது செங்கல்பட்டில். பஜாரில் அத்தாவுக்கு லுங்கியும் தொப்பியும் விற்கிற கடை. அத்தா மவுத்தான பிறகு அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டான்.

நாகூர் தர்காவில் நடக்கிற கந்தூரி விழாவுக்கு மெட்ராசிலிருந்து வருஷா வருஷம் ஒரு கூட்டம் நடந்தே போகும். முன்னால் ஒருவர் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு போவார். பின்னால் எங்கள் ஆட்களும் இந்துக்களும் கலந்து வருவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, தொலைந்த மாடு கிடைத்தது என்று ஆளுக்கொரு நேர்ச்சை இருக்கும். அப்போது கடலோரம் ரோடு கிடையாது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று மணலிலும் கால்வாய்க் கரையிலும் நடந்து எங்கள் ஊருக்கு வருவார்கள். கால்வாயோரத் தென்னந்தோப்பில் கஞ்சி குடித்துவிட்டு, முகத்துவாரத்தில் ஆற்றைக் கடந்து, மரக்காணம் வழியாகத் தெற்கே போய்விடுவார்கள்.

எங்கள் ஊருக்கு அதைவிடப் பெரிய நாள் வேறு கிடையாது. பாசிப்பருப்பும் பூண்டும் தேங்காய்ப்பாலும் போட்ட கஞ்சியை எங்கள் வீட்டுப் பெண்கள் காய்ச்சுவோம். மேற்குத் தெருப் பெண்கள் விறகு கொண்டுவந்து போடுவார்கள், கஞ்சி வாங்கிக் குடிக்க ஓலைப்பட்டை மடித்துக் கொடுப்பார்கள். ஆற்றில் எந்த இடத்தில் ஆழம் குறைவு என்று முதல் நாளே பார்த்துவைப்பது குப்பத்து ஆண்கள். கொடி ஆற்றில் இறங்கும்போது அவர்கள்தான் முன்னால் போய்த் தண்ணீரில் நிற்பார்கள்.

அண்ணன் வந்த அன்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து ஆண்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நேரம். சதுரங்கப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்திருந்தான். எனக்குச் சந்தோஷம். மீன் குழம்பை எடுத்து வைத்தேன். சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான், வந்த காரியத்தை என் வீட்டுக்காரரிடம் சொன்னான்.

"மாப்ள, இந்த வருசம் கொடி ட்ரங்க் ரோட்டு வழியா போவுது. செங்கல்பட்டு, கருங்குழி, மதுராந்தகம், அச்சரப்பாக்கம். கமிட்டில பேசி முடிச்சிட்டாங்க."

கொடியை நடத்திப்போகிற அந்தக் கமிட்டியில் அவன் சேர்ந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"இன்னாத்துக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் பொறுமையாக விளக்கினான். பிறை பார்த்துக் கணக்கிடுகிற நம்முடைய மாதம் வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் தள்ளித் தள்ளி வருகிறது. முன்பு கந்தூரி கோடையில் வந்தது. அப்போது முகத்துவாரத்தில் மணல் மூடிக் கிடக்கும், முழங்கால் நனையாமல் தாண்டிவிடலாம். இப்போது மழை முடிந்த கையோடு வருகிறது. இன்னும் நாலைந்து வருஷம் போனால் கார்த்திகையிலேயே வந்து நிற்கும். அப்போது யார் ஆற்றில் இறங்குவது? போன வருஷமே மெட்ராஸ்காரர் ஒருவரைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகவில்லையா?

கேட்கக் கேட்க எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அதே நேரத்தில் அது அநியாயமாகவும் பட்டது.

விஷயம் எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, கொஞ்ச நேரத்தில் குப்பத்து நாட்டாமை வந்துவிட்டார். தோளில் துண்டோடு வாசலிலேயே நின்றார். எப்போது வந்தாலும் உட்காரமாட்டார்.

"போன வருசம் ஒருத்தர் உயுந்தாரு. வாஸ்தவம். தூக்குனது யாரு?" என்று அண்ணனைக் கேட்டார்.

"உங்க ஆளுங்கதான்."

"செத்துட்டாரா?"

"இல்ல."

"அப்ப இன்னா ஆபத்துன்ற? எங்க கைல உட்டா ஆள் பொழைக்க மாட்டான்றியா?"

"அப்படி இல்ல அண்ணாத்த. தண்ணி வருசா வருசம் ஜாஸ்தி ஆவும்னுதான் சொல்றேன்."

"தண்ணி ஜாஸ்தியா வரும். நாங்களும் ஜாஸ்தியா வருவோம்," என்றார் நாட்டாமை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

படகில் ஏற்றிக் கடத்திவிடலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நடந்து போவதாக நேர்ந்துகொண்டவன் படகில் ஏறினால் நேர்ச்சை என்னாவது என்றான் அண்ணன். பாண்டிச்சேரி எல்லையில் பிரெஞ்சுக்காரன் மூட்டையை அவிழ்த்துச் சோதனை போட்ட காலத்திலெல்லாம் இந்த வழியில் போனீர்கள், அந்தப் பேஜாரு ஒழிந்த பிறகு வழியை மாற்றுகிறீர்களே என்றார் இவர். அண்ணன் செருப்பை எடுத்துக்கொண்டான். போகும்போது என்னைப் பார்த்து, "அம்மா உன்னைக் கேட்டுக்கினே கீது. வந்துட்டுப் போ," என்றான். அதை அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம். அங்கிருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாளிலிருந்து கால்வாய்க்குத் துணி துவைக்கப் போனால் பேச்சு நின்றுவிடும், இல்லையென்றால் எனக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக நடக்கும். கொடியைத் தன் அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள் என்றார்கள். செங்கல்பட்டு பஜார்க்காரர்கள் வியாபாரத்துக்காகச் செய்கிற வேலை என்றார்கள். போன வருஷம் கஞ்சியில் உப்பு கூடிப்போனதுதான் காரணம் என்று ஒருத்தி சொன்னாள். யாருடைய செருப்போ தோப்பில் காணாமல் போனதாம், அந்தக் கோபமாம். குப்பத்தில் சண்டை என்று மெட்ராசில் யாரோ கோள் சொன்னார்களாம். மாதம் தள்ளி வருகிறது என்ற காரணத்தை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதற்காக யார்மேலும் கோபப்பட முடியாது.

நான் யாரோடு சேர்ந்து பேசுவது? அண்ணனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. கஞ்சிக்கு ஊறப்போடுகிற பெரிய அண்டா கவிழ்ந்து கிடப்பதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை. இவ்வளவுக்கும் அந்த ஊருக்கு நான் வந்து அதிக வருஷம் ஆகவில்லை. மாமி என்ன நினைக்கிறார் என்றும் தெரியவில்லை. என் மாமியார் பேச்சு குறைந்தவர். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அப்போதுதான் மேற்குத் தெரு அக்கா என்னைத் தேடி வந்தாள்.

என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள். நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். கஞ்சி நாளில் விறகு அடுக்குவது அவள்தான். அதில் எனக்கும் அவளுக்கும் பழக்கம். அவள் புருஷன் முன்பு கால் வீங்கிப் படுத்த படுக்கையாகக் கிடந்தான். அப்போது அவள் ஒரு நேர்ச்சை செய்துகொண்டாள். அவன் எழுந்து நடந்தால் வருஷா வருஷம் கொடிக்குப் பின்னால் ஆற்றைத் தாண்டுவதாக. நாகூர் வரைக்கும் போக அவளுக்கு எங்கே தோது? ஆற்றை மட்டும் தாண்டுவாள். தாண்டி அந்தாண்டைக் கரையில் நின்று கொடி மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, எங்கள் படகிலே திரும்பி வந்துவிடுவாள். அவன் எழுந்து நடந்தான். அவளும் தவறாமல் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"கொடி இப்ப ஆத்தைத் தாண்டுமா தாண்டாதா?" என்று கேட்டாள்.

"தாண்டும். அதே பாலாறுதான். செங்கல்பட்டைத் தாண்டினதும் பாலம் கீது. அது மேல போவாங்க."

அவள் விடவில்லை.

"பாலத்து மேல போனா ஆத்தைத் தாண்டுனதா ஆவுமா?"

எனக்குத் தெரியவில்லை. தாண்டினதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆற்றைத் தொடாமல் எப்படி ஆற்றைத் தாண்டுவது என்றும் தோன்றியது. பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்கச் சொல்லி என் வீட்டுக்காரரை அனுப்பினேன். நேர்ச்சை செய்தவளின் நிய்யத்து, அதாவது மனசில் வைத்த எண்ணம், என்னவோ அதுதான் கணக்கு என்று அவர் சொல்லி அனுப்பினார். அதை நான் அக்காவிடம் சொன்னபோது, "என் நிய்யத்து இன்னான்னு எனக்கு எப்படித் தெரியும்? அப்ப பாலம் பத்தி நான் நெனைக்கவே இல்லியே," என்றாள்.

கடைசியில் கொடி எங்கே தாண்டுகிறதோ அங்கேயே போய்விடுவது என்று அவள் முடிவு செய்தாள். செங்கல்பட்டு அவள் பார்க்காத ஊர். என்னைக் கூட வரச் சொல்லிக் கேட்கவில்லை. பஸ் எங்கே நிற்கும், பாலம் எந்தப் பக்கம் என்று மட்டும்தான் கேட்டாள். நான்தான் மாமியிடம் போய், அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். "போய்ட்டு வா," என்றார். கொடியைப் பார்க்கத்தான் போகிறேன் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். என் வீட்டுக்காரர் கூட வரவில்லை. வந்தால் மச்சானிடம் சண்டைதான் வரும் என்றார்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போனோம். அம்மா வீட்டு வாசலில் அக்கா நின்றுவிட்டாள். உள்ளே வரக் கூச்சப்பட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், என் பக்கத்திலேயே உட்காரவைத்துச் சோறு போட்டார். அண்ணன் வீட்டில் இல்லை. கொடியை எதிர்கொண்டு அழைத்துவர வண்டலூர்ப் பக்கம் போயிருந்தான்.

மறுநாள் காலையில் நாஸ்தா முடித்துவிட்டு, ஒரு ஜட்கா வண்டி பிடித்துப் பாலத்துக்குப் போனோம். நான் வெள்ளைத் துப்பட்டியை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை இருந்தது. கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் நின்றோம். கீழே ஆறு அகலமாகக் கிடந்தது. பாதி மணல், பாதி தண்ணீர். எங்கள் ஊரில் கடலோடு கலங்கிக் கிடக்கிற ஆறுதான் இது என்று நம்பமுடியவில்லை. அவ்வளவு தெளிவாக இருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. கூட்டம் கொஞ்சமாகத்தான் வரும், வழியை மாற்றினது தப்பு என்று அண்ணனுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். கொடி வந்தபோது பார்த்தால், எங்கள் ஊரில் நான் எந்த வருஷமும் பார்க்காத கூட்டம். ரோடு நல்ல ரோடாக இருந்ததால் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சிலர். செங்கல்பட்டு பஜாரில் பாதிப்பேர் அதில் இருந்தார்கள். பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என் சொந்த ஊர்க்காரர்கள், என் சொந்த அண்ணன். பெருமையாக இருக்கவேண்டியது ஏன் இப்படி இருக்கிறது என்று புரியாமல் நின்றேன்.

அந்த ரோட்டுக்காரர்களுக்கும் ஒன்றும் புரியவில்லை. டீக்கடையில் ஒரு ஆள் கிளாசும் கையுமாக வெளியே வந்து, "எந்தக் கட்சி இது?" என்று கேட்டான். கட்சி இல்லை, நாகூருக்குப் போகிறவர்கள் என்று யாரோ சொன்னார்கள். "நிலம் தானம் கேட்டு நடக்கறாங்களே, அவங்க இல்லியா?" என்றான் ஒரு லாரி டிரைவர். இல்லை என்றதும், "அப்ப இன்னா கேட்டு நடக்கறாங்க?" என்றான். எதையும் கேட்டு நடக்கவில்லை என்று அவனுக்குப் புரியவைக்க ஆளில்லை. லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்தன. ஒரு போலீஸ்காரர், ஓரமாப் போ, ஓரமாப் போ என்று கொடி பிடித்தவரையே ஒதுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் கூட்டத்தின் முன்னாலும் பின்னாலும் ஓடிக்கொண்டிருந்தான். தொண்டை கட்டிப் போயிருந்தது. என்னை அவன் பார்க்கவில்லை.

அக்கா கூட்டத்தின் வாலில் போய்ச் சேர்ந்துகொண்டாள். அவளை அனுப்பிவிட்டு மரத்தடியிலேயே நிற்பதாகத்தான் இருந்தேன். எங்கள் வீட்டுப் பெண்கள் கஞ்சி ஊற்றுவோமே தவிரக் கொடிக்குப் பின்னால் நடந்தது கிடையாது. ஆனால் அவ்வளவு கூட்டத்தில், அத்தனை லாரிக்கு நடுவில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் அவள் தனியாகப் போவதைப் பார்த்ததும் என் கால் தானாக நடந்தது. பாலத்தில் நல்ல காற்று. துப்பட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கொடி படபடவென்று அடித்துக்கொண்டது முன்னால் கேட்டது. அக்கா கைப்பிடிச் சுவரை ஒட்டி, கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் நின்றுவிட்டாள். கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது.

"ஒண்ணும் தெரியலியே," என்றாள்.

"இன்னா தெரியல?"

"தாண்டுன மாதிரியே தெரியல. ரோட்டுல நடந்த மாதிரிதான் கீது."

கொடி ரோட்டு வளைவில் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, பாலத்துக்குப் பக்கத்திலிருந்த சரிவில் இறங்கத் தொடங்கினாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "கொடி கண்ணுக்குத் தெரியும்போதே தண்ணில கால் வெச்சிடறேன்," என்றாள். நானும் பின்னாலேயே இறங்கினேன். மணல் முதலில் சூடாக இருந்தது, தண்ணீர் ஓரத்தில் ஈரமாக இறுகிக் கிடந்தது. அவள் நிற்காமல் உள்ளே போய்விட்டாள். ஆழம் தெரியாத இடம். எங்கள் முகத்துவாரத்தில் என்றால் குப்பத்து ஆட்கள் நிற்பார்கள், இங்கே யாருமில்லை. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அப்படித்தான் நானும் ஆற்றில் இறங்கினேன்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, நடுவில் தொடைக்கு ஏறியது. காலடியில் மணல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அடியும் வைத்த இடத்தில் நிற்கவில்லை. ஆற்றங்கரையில் வாழ்க்கைப்பட்டும் நான் ஆற்றில் இறங்கினது கிடையாது. பயம், குளிர், மேலே பாலத்தில் யாராவது பார்க்கிறார்களா என்ற வெட்கம், எல்லாம் சேர்ந்துகொண்டது. அதோடு சிரிப்பும் வந்தது. அக்காவும் சிரித்தாள். துப்பட்டி நனைந்து கனத்து, இழுத்துக்கொண்டு வந்தது.

புறப்பட்ட கரையிலேயே வந்து ஏறினோம். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப எந்தக் கரையில கீறோம்?"

"செங்கல்பட்டுக் கரை. இந்தாண்டை."

"அப்ப நான் தண்ணில இந்தாண்ட வந்திருக்கேன். அந்தாண்ட போவல."

"போனோமே, பாலத்துல."

"அதான் சேருமா சேராதான்னு தெரியலியே."

"மறுபடியும் போலாமா?"

"கொடி இல்லியே. யாருக்குப் பின்னால போறது?"

இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து புடவையைப் பிழிந்தோம். அப்போது அண்ணன் பாலத்தில் திரும்பி ஓடிவந்து, இந்தப் பக்கச் சரிவில் தடதடவென்று இறங்கினான். யாரோ அவனிடம், இரண்டு பெண்கள் ஆற்றில் இறங்கிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆற்றில் ஆள் விழக்கூடாது என்றுதானே வழியையே மாற்றினான். முகம் வெளுத்துப்போய் வந்தவன், அது நான் என்று தெரிந்ததும் பாதிச் சரிவிலேயே நின்றான்.

"வூட்டுக்குப் போ," என்றான் முதலில். குரலே வரவில்லை.

அக்கா எழுந்து நின்றாள். "அண்ணாத்த, கோச்சிக்காத. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பாலத்துல போனது ஆத்தைத் தாண்டுனதா சேருமா?"

அண்ணன் அவளைப் பார்த்தான். கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. சட்டென்று மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு இன்னா தெரியும்? நான் துணிக்கடை வெச்சிருக்கேன்," என்றான். "காத்தாலேர்ந்து ஆளாளுக்கு ஒண்ணு கேக்கறான். கருங்குழியில கொடி எந்தத் தெருவுல நிக்கணும்னு ரெண்டு தெருவும் அடிச்சிக்கறாங்களாம். இப்பதான் ஆள் வந்து சொல்றான். நான் போய் இன்னா சொல்றது? உங்க ஊர்ல இந்தப் பேஜாரே கெடையாது. தோப்புதான்னு எல்லாருக்கும் தெரியும்."

அப்புறம் என்னைப் பார்க்காமல், ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நான் சரியாத்தானே செஞ்சேன்?"

கமிட்டி வேலை என்று வந்த நாளிலிருந்து எல்லாம் தெரிந்தவன் மாதிரிப் பேசின அண்ணன். சரிதான் என்று சொன்னால் ஊருக்குத் துரோகம் மாதிரி இருந்தது. சரியில்லை என்று சொல்ல, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. "கூட்டம் நெறைய வந்துது," என்றேன். அது பதில் இல்லை. ஆனாலும் அவன் தலையாட்டினான். எழுந்து வேட்டியில் ஒட்டின மணலைத் தட்டிவிட்டு, கொடி போன பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனான்.

ஊருக்குத் திரும்பினபோது எனக்கு இன்னொரு ஆச்சரியம் காத்திருந்தது. தோப்பில் அடுப்பு மூட்டின சாம்பல் கிடந்தது. அண்டா கழுவி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வழி மாறின சேதி தெரியாத பதினைந்து இருபது பேர் பழைய வழியிலேயே கோவளம், மாமல்லபுரம் என்று நடந்து வந்துவிட்டார்களாம். கொடி முன்னால் போய்விட்டது என்று நினைத்து வேகமாக நடந்தார்களாம். கொடியே இல்லாமல் ஆட்கள் மட்டும் வந்து நிற்பதைப் பார்த்து முதலில் ஊருக்கு ஒன்றும் ஓடவில்லை. மாமிதான் யாரிடமும் கேட்காமல் அரிசியைக் களைந்து அண்டாவை ஏற்றியிருக்கிறார். படகில் ஏறிக்கொள்ளுங்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னதை அவர்கள் கேட்கவில்லை. குப்பத்து ஆண்கள் கயிற்றைக் கரைக்குக் கரை கட்டி, நாட்டாமையே மார்பளவு தண்ணீரில் நின்று, எல்லாரையும் கடத்திவிட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்படியென்றால் அந்த வருஷம் நடை எங்கே நடந்தது? நான் போய் நின்ற இடத்திலா, நான் இல்லாமல் போன இடத்திலா? அக்கா அதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இங்கேயே இருந்திருந்தால் தண்ணீரில் தாண்டியிருக்கலாம், ஆனால் கொடி இருந்திருக்காது. இரண்டும் சேர்ந்து கிடைக்க வழியில்லாமல் போய்விட்டது.

நான் ஆற்றில் இறங்கின கதை எனக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாமி என்ன சொல்லப்போகிறாரோ என்று சமையலறைக்குப் போகாமல் வெளியிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். சாயந்திரம் அவரே கூப்பிட்டார். பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் உரித்தோம்.

"தண்ணி ஜில்லுனு இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு மாமி."

"இழுத்துச்சா?"

"நடுவுல கொஞ்சம் இழுத்துச்சு."

அவ்வளவுதான் கேட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வருஷா வருஷம் கரையில் கஞ்சி ஊற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றவர். திட்டுகிறாரா, வேறு ஏதாவதா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் எங்கள் ஊரே ஒரு கொடி தைத்தது. துணி அண்ணன் கடையில் வாங்கக்கூடாது என்று பேச்சு வந்தது. என் வீட்டுக்காரர், நல்ல பச்சை அங்கேதான் கிடைக்கும் என்று அங்கேயே வாங்கிவந்தார். என்னத்துக்கு என்று அண்ணன் கேட்கவில்லையாம், முழத்தைக் கொஞ்சம் தாராளமாகவே கிழித்துக் கொடுத்தானாம். இரண்டு கொடி இரண்டு வழியில் போயின. அக்கா எங்கள் கொடிக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தேன். படகில் திரும்பி வந்தவள், "அந்தக் கொடி பழசு, இது புதுசு. நான் நேந்துக்கினது பழைய கொடிக்குத்தானே?" என்று ஆரம்பித்தாள். அதற்கு அடுத்த வருஷம் பாலத்துக்குப் போனாள். அப்புறம் இங்கே ஒரு வருஷம், அங்கே ஒரு வருஷம். அவள் புருஷன் அந்தக் காலோடு நன்றாகவே நடமாடிக்கொண்டிருந்தான்.

கந்தூரி அண்ணன் சொன்ன மாதிரியே தள்ளித் தள்ளிக் கார்த்திகைக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு வருஷம் மழை விடாமல் அடித்தது. முகத்துவாரத்தில் ஆறும் கடலும் ஒன்றாகி, எங்கே கரை என்றே தெரியவில்லை. குப்பத்து ஆட்கள் இரண்டு முறை கயிறு கட்டப் போய்த் திரும்பி வந்தார்கள். மூன்றாவது முறை நாட்டாமை போகவேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் கொடியை என் வீட்டுக்காரர் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். ஊரில் பாதிப்பேர் பஸ்ஸேறிச் செங்கல்பட்டுக்குப் போனோம். மாமியும் வந்தார்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் அண்ணன் நனைந்துகொண்டு நின்றான். என் வீட்டுக்காரர் கொடியை விரித்ததும் அண்ணன் அந்தக் கம்பின் அடியைப் பிடித்துக்கொண்டான், காற்று அப்படி. இரண்டு கொடியும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகப் போயின. கீழே ஆறு செக்கச் செவேலென்று மரங்களை உருட்டிக்கொண்டு ஓடியது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவைகூடக் கீழே பார்க்காமல் நடந்தார்.

நாட்டாமைதான் கடைசியாக வந்தார். நடுப்பாலத்தில் நின்று அந்த வெள்ளத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"கெட்டியாத்தான் கீது," என்றார்.

அதைச் சம்மதமாகச் சொன்னாரா, வெறுப்பில் சொன்னாரா என்று என் வீட்டுக்காரரும் நானும் பிறகு பல தடவை பேசியிருக்கிறோம். அவர் ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன்.